ஒரு தடவை அமுக்கினால் ஒரு புள்ளி

குருசாமி வாத்தியார் பொத்தானை ஒரு தடவைதான் அமுக்கினார். புள்ளிப் பலகை முப்பத்தொன்று என்றது.

ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை. நாளைக்குத்தான் இறுதி ஆட்டம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நடுவலூர் கபடிக் கமிட்டித் தலைவர் வாயைப் பிளந்தபடி நின்று, பிறகு பலமாகக் கைதட்டினார்.

"நம்ம ஊருப் பக்கம்தானே முப்பத்தொண்ணு? அப்பிடியே இருக்கட்டும் சார்! ஆடவே வேண்டாம், கோப்பையைக் கொண்டு வரச் சொல்லிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்புக்குத்தான் குருசாமி பயந்துகொண்டிருந்தார்.

காரணம் இருக்கிறது. குருசாமி உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சுற்றுவட்டாரத்தில் கபடி என்றால் நடுவர் அவர்தான். போன வருஷத்து இறுதி ஆட்டத்துக்கும் அவர்தான் விசில் ஊதினார். சிலேட்டில் சாக்பீஸால் எழுதிய கணக்கில் ஒரு புள்ளி குறைகிறது என்று வேலாங்குளத்து அணி சண்டைக்கு வந்தது. அந்த அணியின் பயிற்சியாளர் சுடலைக்கண்ணு, ஊரே கேட்க, "இவரு ஊருக்காக ஊதுதாரு, ஆட்டத்துக்காக ஊதல" என்று சொல்லிவிட்டுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்குக் கழுத்திலிருந்து கழற்றிய விசிலைக் குருசாமி திரும்ப மாட்டவே இல்லை.

மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். இந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "புள்ளியை இனிமே பலகை சொல்லும். பலகையை நானே செய்யுதேன். அது ஒரு புள்ளி தப்பாச் சொன்னாலும், அதுக்கப்புறம் நான் மைதானத்துப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன். சரியாச் சொன்னா, விசிலை மறுபடி எடுப்பேன்" என்று சபதம் போட்டார். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

இப்போது மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கி, பலகையையும் பொத்தானையும் தூக்கிக்கொண்டு அவர் ஓடினது ஜெபராணியிடம்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் ஜெபராணியின் கம்ப்யூட்டர் வகுப்பு. முப்பது வயதுப் பெண். அவள் சொல்லிக்கொடுப்பது படத்தால் நிரல் எழுதுகிற முறை. திரையில் பெட்டிகளை வைத்து, பெட்டிக்கும் பெட்டிக்கும் கோடு இழுத்தால் போதும், கணினி அதன்படி நடக்கும். அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் பாலிடெக்னிக் பையன்கள். அவர்களுக்கு நடுவில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருந்த ஒரே சிஷ்யர் குருசாமி. பெயரில்தான் குரு.

இதே ஜெபராணி பள்ளியில் படிக்கும்போது, பிந்தி வந்தாள் என்று அவளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர் அவர். இப்போது அவளை மரியாதையாக "டீச்சர், நீங்க" என்பார். உணர்ச்சி ஏறிவிட்டால் மட்டும் "ஏ பிள்ள" என்று வந்துவிடும். அவள் என்றைக்கும் "சார்"தான்.

"டீச்சர்! ஒரு தடவைதான் அமுக்கினேன். கர்த்தர் மேல சத்தியமா ஒரே தடவை. அது ஏன் முப்பத்தோரு தடவை எண்ணுது?"

குருசாமி சாஸ்தா கோயில்காரர். ஜெபராணி நம்பவேண்டும் என்பதற்காகக் கர்த்தரை இழுத்தார்.

"எப்பிடி அமுக்கினீங்க சார்?"

அமுக்கிக் காட்டினார். முப்பது வருஷம் விசில் ஊதின உடம்பு அல்லவா? விசிலை ஊதுகிற மாதிரியே நீட்டி அமுக்கினார். கன்னம்கூட உப்பியது. பையன்கள் மேஜைக்கடியில் குனிந்து சிரித்தார்கள்.

ஜெபராணி சிரிக்கவில்லை. திரையில் எல்லாப் பெட்டிகளையும் சுற்றிப் போட்டிருந்த ஒரு பெரிய பெட்டியைக் காட்டினாள்.

"இது என்ன செய்யும்?"

"சுத்திக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் பொத்தானைப் பாக்கும். அமுங்கியிருந்தா ஒண்ணு கூட்டும்."

"நீங்க விரலை எடுக்கதுக்குள்ள அது எத்தனை சுத்து சுத்தும்?"

குருசாமி பலகையைப் பார்த்தார்.

"முப்பத்தொண்ணு" என்றார், காற்றுப் போன குரலில்.

"அப்ப அது மேல தப்பு இல்ல."

"அந்தச் சுடலைக்கண்ணு இதைப் பாத்தா என்ன சொல்லுவான் தெரியுமா? போன வருஷமே அவன் என்ன சொன்னான்..."

"தெரியும் சார்."

வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். குருசாமி சேர்ந்த நாளிலிருந்து அந்த ஒரு வாக்கியம் தினம் ஒருமுறையாவது அந்த அறையில் ஒலிக்கும். பையன்களுக்குப் பாடம் மறந்தாலும் அது மறக்காது.

குருசாமிக்குத் திடீரென்று ஒரு யோசனை பளிச்சிட்டது.

"காத்திருக்கச் சொல்லிட்டா? ஒண்ணு கூட்டின உடனே ஒரு விநாடி சும்மா இருன்னு ஒரு பெட்டி போட்டுட்டா?"

"போடுங்க."

போட்டார். அமுக்கினார். பலகை ஒன்று என்றது. குருசாமி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டார்.

ஜெபராணி கையை நீட்டி அதே பொத்தானைப் பட்பட்பட்டென்று மூன்று தடவை தட்டினாள். பலகை ஒன்றிலிருந்து இரண்டுக்குத்தான் ஏறியது.

"மூணு பேரைத் தொட்டுட்டு வந்திருக்கான் சார். ரெண்டு பேரை உங்க பலகை முழுங்கிட்டு."

பிறகு அவள் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, விரலை எடுக்காமலே அவர் முகத்தைப் பார்த்தாள். மூன்று. நான்கு. ஐந்து. பலகை ஆற அமர ஏறிக்கொண்டே போனது.

"போதும், போதும்" என்று அவர் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்தார்.

ஜெபராணி வெள்ளைப் பலகைப் பக்கம் போகவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்துவந்து, தரையில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்தாள்.

"இது போனஸ் கோடு. நீங்க நடுவர்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவள் பாடிக்கொண்டே வந்தாள். "கபடி கபடி கபடி" என்று மூச்சு விடாமல், பள்ளிக்கூடத்தில் அவர் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில் வந்து, ஒரு காலால் கோட்டைத் தாண்டி, மறு காலைத் தூக்கினாள். குருசாமியின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே மேலே போனது. போனஸ் புள்ளிக்கு நடுவர் காட்டுகிற சைகை அது. காட்டிவிட்டு இறக்கினார்.

ஜெபராணி கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"கையை ஏன் இறக்கிட்டீங்க?"

"குடுத்தாச்சே."

"நான் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கந்தானே நிக்கேன்? இன்னொண்ணு குடுங்க."

"நல்லாருக்கே நியாயம்! நின்னா நின்னுக்கோ, விடிய விடிய நில்லு. தாண்டினதுக்குத்தான் பாயிண்ட்டு. நிக்கதுக்கு எவன் குடுப்பான்?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது.

"தாண்டினதுக்குத்தான்..." என்று மெல்ல இன்னொரு தடவை சொன்னார்.

"கண்ணை மூடுங்க சார்."

மூடினார்.

"திறங்க. நான் இப்பத் தாண்டினேனா, முந்தியே தாண்டி நிக்கேனா?"

அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள். கண்ணை மூடியிருந்தபோது திரும்பிப் போய் வந்தாளா, அசையவே இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

"அது எப்பிடித் தெரியும்? முன்னால நீ எங்க நின்னேன்னு பாத்திருந்தால்ல இப்பத் தாண்டினியான்னு சொல்ல முடியும்?"

ஜெபராணி துப்பட்டாவை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏ பிள்ள!" என்று குருசாமி கத்தினார். கீழே மருந்துக்கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "முந்தின சுத்துல பொத்தான் எப்பிடி இருந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிடணும்! அப்ப அமுங்கல, இப்ப அமுங்கியிருக்கு, அப்பிடின்னா மட்டும் ஒண்ணு! முந்தியும் அமுங்கி, இப்பவும் அமுங்கியிருந்தா, அவன் சும்மா நிக்கான்! அதானே? அதானே?"

அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் நாற்காலியில் போய் விழுந்தார். ஒரு சுற்றில் கண்டதை அடுத்த சுற்றுக்கு எடுத்துப்போகிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. ஜெபராணி அதை முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தாள், அவர் அப்போது சுடலைக்கண்ணு கதை சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தானே தேடிப் பிடித்தார். மளமளவென்று கோடு இழுத்தார்.

அமுக்கினார். ஒன்று.

அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒன்று. கன்னம் உப்பியது, முகம் சிவந்தது. ஒன்றுதான். பையன்கள் விசிலடித்தார்கள். குருசாமிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. விரலை எடுத்தார். சந்தோஷத்தில் இன்னொரு தடவை அமுக்கினார்.

ஒன்று.

இன்னொரு தடவை. ஒன்று. தட்டினார், குத்தினார், முழங்கையால்கூட இடித்துப் பார்த்தார். பலகை ஒன்றோடு உட்கார்ந்துகொண்டது, இரண்டுக்கு வருவேனா என்று அடம்பிடித்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று.

"செத்துப் போச்சா?" என்றார் பாவமாக.

ஜெபராணி மறுபடி கோட்டுக்குப் போனாள். தாண்டினாள். கட்டைவிரல் உயர்ந்தது. இந்தப் பக்கம் திரும்பி வந்தாள். மறுபடி தாண்டினாள். கட்டைவிரல் மறுபடி உயர்ந்தது.

"இப்ப ஏன் ரெண்டாவது குடுத்தீங்க?"

"நீ திரும்பிப் போயிட்டு வந்தேல்ல?"

"நான் திரும்பிப் போனதை யாரு பாத்தா?"

"நான்தான் பாத்தேன்."

"உங்க பெட்டி பாத்துச்சா?"

குருசாமி திரைக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். பொத்தான் அமுங்கினால் மட்டும் ஞாபகத்தில் எழுது என்று கோடு இழுத்திருந்தார். விரல் எழும்பினதை எழுதச் சொல்லவே இல்லை. முதல் தடவை அமுங்கினதை நினைவில் வைத்துக்கொண்ட பெட்டி, அது இன்னும் அமுங்கியே இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது. அது விரல் எழும்பினதை அறியாது. புதிதாக ஒரு அமுக்கு வந்தாலும் பழையதே தொடர்கிறது என்றுதான் அதற்குப் படும்.

"அட மடப்பயலே" என்று குருசாமி சொன்னார். பெட்டியையா, தன்னையா என்று யாரும் கேட்கவில்லை. கோட்டை அழித்து, அமுங்கினாலும் அமுங்காவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் எழுதிக்கொள் என்று மாற்றி இழுத்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நீட்டி அமுக்கினால் நான்கு. பட்பட்டென்று தட்டினால் ஐந்து, ஆறு.

குருசாமி எழுந்து, அறுபதைத் தாண்டின வயதில், தரையில் கிடந்த போனஸ் கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிக் குதித்தார். பையன்கள் ஒவ்வொரு தாண்டலுக்கும் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. நடுவலூரும் வேலாங்குளமும். மாவட்டத்திலிருந்து நடுவர் வந்திருந்தார். புள்ளி மேஜையில் குருசாமி, முன்னால் ஊருக்கு ஒன்றாக இரண்டு பொத்தான்கள். பக்கத்தில் மடிக்கணினியோடு ஜெபராணி. மேஜைக்குப் பின்னால் கமிட்டித் தலைவர் நின்று அவர் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

முதல் புள்ளிக்குக் குருசாமி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். கூட்டம் கூச்சல் போட்டதும் திறந்தார். ஒன்று. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டார். அதற்குப் பிறகு அவர் கண் ஆட்டத்தை விட்டு அகலவில்லை.

என்ன ஆட்டம்! ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் விரட்டிப் பிடித்தது. வேலாங்குளத்தில் ஒரு நெட்டைப் பையன், காலை நீட்டினான் என்றால் கோட்டுக்குக் கோடு எட்டும். நடுவலூரில் இரண்டு பேர் அவன் கணுக்காலுக்கென்றே பிறந்தவர்கள். சுடலைக்கண்ணு கோட்டோரம் ஓடி ஓடித் தொண்டை கட்டிக் கத்தினார். பலகை ஒவ்வொரு தடவையும் நடுவர் சொன்னதையே சொன்னது. ஒருத்தரும் மேஜைப் பக்கம் வந்து சண்டை போடவில்லை.

கடைசி நிமிஷம். நடுவலூர் முப்பத்தைந்து, வேலாங்குளம் முப்பத்துநான்கு. நெட்டைப் பையன் பாடி வந்தான். மூலையில் ஒருவனைத் தொட்டான். திரும்பும்போது மற்றவன் இடுப்பைக் கட்டினான். இரண்டு பேரும் புழுதியில் விழுந்தார்கள். நெட்டையன் அவனையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தான், கையை நீட்டினான், நகநுனி நடுக்கோட்டைத் தொட்டது. மூச்சு இன்னும் பாடிக்கொண்டிருந்தது.

நடுவர் இரண்டு விரலைத் தூக்கினார்: தொடப்பட்டவனுக்கு ஒன்று, இடுப்பைக் கட்டினவனுக்கு ஒன்று.

"ஒருத்தனைத்தான் தொட்டான்! சார், ஒரு அமுக்கு போதும், ஒண்ணே ஒண்ணு!" என்று கமிட்டித் தலைவர் காதுக்குள் சீறினார்.

குருசாமி வேலாங்குளத்துப் பொத்தானை அமுக்கினார். நீட்டி, விசில் ஊதுகிற மாதிரி. விரலை எடுத்தார். மறுபடி அமுக்கினார்.

முப்பத்தைந்து. முப்பத்தாறு.

நேரமும் முடிந்தது. சொந்த ஊர் தோற்றது, ஒரே ஒரு புள்ளியில். வேலாங்குளத்துப் பக்கம் எழும்பின கூச்சலில் காக்கையெல்லாம் மரத்தை விட்டுப் பறந்தன. நடுவலூர்க்காரர்கள் பலகையைப் பார்த்தார்கள், நடுவரைப் பார்த்தார்கள், தலையைத் தொங்கப் போட்டார்கள். ஒரு வாய் கூடத் திறக்கவில்லை. கமிட்டித் தலைவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாழாப்போன பலகை சரியாத்தான் சொல்லுது. அடுத்த வருஷம் நீரே ஊதும்வே" என்று முறைத்துக்கொண்டே சொன்னார்.

குருசாமி ஜெயித்துவிட்டார். இதற்காகத்தானே இவ்வளவும்? ஆனால் அவர் கால் நேரே சுடலைக்கண்ணுவிடம் போயிற்று.

அவர் பேசுவதற்கு முன்னால் சுடலைக்கண்ணு இரண்டு கையாலும் அவரைக் கட்டிக்கொண்டார். உடம்பெல்லாம் புழுதி, முகமெல்லாம் சிரிப்பு.

"வாத்தியாரே! அருமையான பலகைய்யா! எங்க ஊருக்கும் ஒண்ணு செஞ்சு குடும்."

"போன வருஷம் நீரு சொன்னீரே..."

"என்ன சொன்னேன்?"

"ஊருக்காக ஊதுதாருன்னு. ஆட்டத்துக்காக ஊதலன்னு."

சுடலைக்கண்ணு நிஜமாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார்.

"நானா? அப்பிடியா சொன்னேன்? ஆட்டச் சூட்டுல நாலு வார்த்தை வந்துருக்கும். அதைப் போயி..." சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

குருசாமி மேஜைக்குத் திரும்பிவந்தார். ஜெபராணி வயர்களைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, கேட்டியா அநியாயத்தை? அவனுக்கு ஞாபகமே இல்லையாம்! சோத்துல கையை வைக்கும்போது கேட்டேன். பஸ்ஸுல ஏறும்போது கேட்டேன். கோயில்ல கண்ணை மூடினாலும் கேட்டேன். ஒரு வருஷமா ஒரு நாள் பாக்கி இல்லாம அந்த வார்த்தை என் காதுல விழுந்துக்கிட்டே இருக்கு. சொன்னவனுக்கு ஞாபகமே இல்லையாம்!"

ஜெபராணி கடைசி வயரைச் சுருட்டி முடித்தாள்.

"அவரு ஒரு தடவைதானே சொன்னாரு, சார்? மத்த தடவையெல்லாம் யாரு சொன்னது?"